ஜி கார்டை மறுபடியும் பிடிக்கக் கற்ற எட்டு வாரங்கள்

என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கிட்டார் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்தாள். முதல் நாள் ஜி கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் ஒரு தொகுப்பை, பிடித்துக் காட்டினேன். என் கையைப் பார்த்தாள், தன் பாடப் புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடியும் என் கையைப் பார்த்தாள்.

“அத்தை, படத்தில் வேறு விரல்கள் போட்டிருக்கிறதே?”

“இரண்டும் ஒன்றுதான். எது வசதியோ அப்படிப் பிடிக்கலாம்.”

“உங்களுக்கு ஏன் இது வசதி?”

பத்தொன்பது ஆண்டுகளாக வாசிக்கிறேன். குழுக்களில் ரிதம் வாசித்திருக்கிறேன். மேடையில் நின்றபடி பாடகர் சுருதியை மாற்றச் சொன்னால் முகம் மாறாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆரம்பத்தில் யாரோ அப்படிக் காட்டினார்கள், அப்படியே பிடித்தேன். எந்தக் கார்டுக்கும் எந்த விரல் என்று நானாக ஒருநாளும் யோசித்து முடிவெடுத்ததில்லை.

அன்றிலிருந்து எட்டு வாரம், தினமும் இருபது நிமிடம், அடிப்படைக்குத் திரும்பினேன். குறிப்பேட்டில் கிறுக்கிவைத்ததை ஓரளவு ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கற்பவர்களுக்கும் இது பயன்படலாம். ஆனால் பல ஆண்டுகள் வாசித்துவிட்டு எங்கேயோ தேங்கி நிற்பவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

முதல் வாரம்: கையைப் படம் பிடித்தேன்

கைபேசியைக் கிட்டாரின் தலைப்பக்கத்தில், கழுத்தின் நீளத்தைப் பார்க்கும்படி வைத்துப் பதிவு செய்தேன். முன்னாலிருந்து எடுத்தால் எல்லோருடைய கையும் ஒழுங்காகத்தான் தெரியும். விரல் தந்தியை விட்டு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பது தலைப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். மூன்று நிமிடம் வாசித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சுண்டு விரல் தந்திகளுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தது. கார்டு மாறும்போதெல்லாம் மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து மேலே எழும்பி, அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகு இறங்கின. எஃப் கார்டில் கட்டை விரலின் நகம் வெளுத்துப் போயிருந்தது. இதையெல்லாம்விடச் சங்கடமானது வலக்கையில் இருந்தது. ஒவ்வொரு கார்டின் கடைசி மேல் வீச்சிலும் இடக்கை ஏற்கெனவே தந்தியை விட்டிருந்தது, வலக்கை வெறுந்தந்திகளைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. நல்ல கலைஞர்கள் பலர் இதைத் தெரிந்தே செய்வார்கள், பாட்டு மூச்சு விடுவதைப் போல இருக்கும். நான் தெரிந்து செய்யவில்லை. இடக்கை தாமதமாக வருவதை வலக்கை இத்தனை ஆண்டுகளாக மூடி மறைத்திருக்கிறது.

பிறகு கணக்கு எடுத்தேன். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கார்டு மாற்ற முடிகிறது, அதில் தெளிவாக ஒலித்தவை மட்டும்: ஜி–சி 34, ஏ–டி 41, சி–எஃப் 19, ஏ மேஜர்–பி மைனர் 15. பாட்டுக்கு இது போதும். போதும் என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது.

இரண்டாம் வாரம்: குற்றம் கையில் மட்டுமில்லை

சி–எஃப் ஏன் இவ்வளவு மோசம் என்று பார்க்கும்போது ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவதில்) மாட்டி, அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பார்ப்பது. சட்டென்று எளிதாகிவிட்டால் குறை விரலில் இல்லை, தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டில். கேப்போ போட்டதும் தந்தி நட்டின் உயரத்திலிருந்து விடுபட்டு, ஃபிரெட்டின் உயரத்திலிருந்தே தொடங்குகிறது. எனக்குப் பாதி வலுவில் எஃப் பிடிபட்டது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நட் உடைந்தபோது ஒருவர் புதிய நட் வைத்துக் கொடுத்தார். அதில் தந்தி உட்காரும் பள்ளங்களை அவர் போதிய ஆழத்துக்கு அறுக்கவே இல்லை. நான் அதை எஃப் கார்டின் இயல்பான கடினம் என்று எண்ணி ஆறு ஆண்டுகள் உழைத்திருக்கிறேன். மூன்றாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேலே பார்த்தால், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். என் கிட்டாரில் ஒரு முகவரி அட்டையை நுழைக்க முடிந்தது. வெறுந்தந்தியாக அளந்தபோது முதல் ஃபிரெட்டின் மேல் தடித்த ஆறாம் தந்தி 0.9 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது, மெல்லிய முதல் தந்தி 0.7.

சி கார்டு எப்போதும் கொஞ்சம் புளித்து ஒலித்ததற்கும் இதுவே காரணம். நட் உயரமாக இருந்தால் முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடுகிறது, சுரம் ஏறிவிடுகிறது. நான் சுருதி காட்டும் கருவியான டியூனரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தந்தியின் தடிமனுக்கேற்ற நட் அரங்களை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். அறுப்பதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். பள்ளம் தலைப்பக்கம் நோக்கிச் சற்றுச் சரிய வேண்டும், அப்போதுதான் தந்தி ஃபிரெட்போர்டை ஒட்டிய விளிம்பில் உட்காரும். இல்லையென்றால் வெறுந்தந்தி சிதார் போல இரையும். அடுத்தது, நாலு முறை அரத்தை ஓட்டியதும் தந்தியைத் திரும்ப மாட்டி அளந்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவதை ஐந்து தந்திகளுக்குச் செய்தேன். மூன்றாம் தந்திக்கு வந்தபோது கை பழகிவிட்டது என்ற நினைப்பில் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டிவிட்டேன். மாட்டித் தட்டினால் வெறுந்தந்தி முதல் ஃபிரெட்டில் மோதி அதிர்ந்தது.

போனது போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் சமையல் சோடாவை இறுக்கமாக நிரப்பி, மேலே ஒரு துளி சூப்பர் குளூ விட்டேன். நொடியில் கல்லாக இறுகும். இறுகும்போது சூடாகும், ஆவியும் வரும், முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. அரை மணி நேரம் கழித்துப் புதிதாக அறுத்தேன், இந்த முறை மூன்று மூன்று ஓட்டமாக. முடிவில் ஆறாம் தந்தி 0.55, முதல் தந்தி 0.4. மூன்றாம் தந்தியின் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி நிலைத்துவிட்டது. எலும்பு நட் வைத்திருப்பவர்கள் எலும்புத் தூளை நிரப்பினால் நிறமும் பொருந்தும்.

மூன்றாம் வாரம்: மூன்று ஜி கார்டுகள்

இனி விரல்களுக்கு வருகிறேன். நான் பிடித்துவந்த ஜி இப்படி: ஆறாம் தந்தி மூன்றாம் ஃபிரெட்டில் நடுவிரல், ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், முதல் தந்தி மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரல். அண்ணன் மகளின் புத்தகத்தில் அதே இடங்களில் முறையே மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல்.

ஒலி ஒன்றுதான். அதனால்தான் “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டேன். அடுத்து சி பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. சியில் ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃபிரெட் மோதிர விரலுக்கு, நாலாம் தந்தி இரண்டாம் ஃபிரெட் நடுவிரலுக்கு, இரண்டாம் தந்தி முதல் ஃபிரெட் ஆள்காட்டிக்கு. புத்தக ஜியிலிருந்து வந்தால் மோதிர விரலும் நடுவிரலும் அதே கோணத்தில், கைகோத்தபடி, ஒரு தந்தி கீழே இறங்குகின்றன. ஆள்காட்டி ஏற்கெனவே சும்மா இருந்தது, இரண்டாம் தந்திக்கு மேலே காத்திருந்து விழுகிறது. சுண்டு விரல் எழுந்துகொள்கிறது. என் பழைய ஜியிலிருந்து வந்தால் மோதிர விரல் முதல் தந்தியிலிருந்து ஐந்தாம் தந்திக்கும், ஆள்காட்டி ஐந்தாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்கும் ஒன்றையொன்று கடந்து ஓட வேண்டும். இசை நாற்காலிப் போட்டி மாதிரி. மூன்று விரல்களும் ஆகாயத்தில் தயங்கியதற்குக் காரணம் இதுதான். பாவம், ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் இருக்க அவற்றுக்கு உயரம் தேவைப்பட்டது.

அப்படியானால் பழையது தவறா? அதே நாளில் ஜியிலிருந்து ஈ மைனருக்கு மாற்றிப் பார்த்தேன். பழைய ஜியில் ஆள்காட்டி ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃபிரெட்டிலேயே நிற்கிறது, நடுவிரல் மட்டும் ஆறாம் தந்தியிலிருந்து நாலாம் தந்திக்கு வந்தால் போதும். ஈ மைனர் தயார். இதைவிடச் சிக்கனமாக ஒரு மாற்றம் இருக்க முடியாது.

மூன்றாவது ஜி ஒன்றும் உண்டு. பழைய ஜி போலவே நடுவிரலையும் ஆள்காட்டியையும் வைத்து, இரண்டாம் தந்தி மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரல், முதல் தந்தி மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டு விரல். டி கார்டுக்குப் போகும்போது மோதிர விரல் இரண்டாம் தந்தி மூன்றாம் ஃபிரெட்டிலேயே இருந்துவிடுகிறது. ஜி, டி, சி ஆட் நைன், ஈ மைனர் செவன் என்று சுற்றி வரும் பாட்டுக்கு அந்த விரலும் சுண்டு விரலும் கூடாரத்தின் முளைபோல நிற்க, மற்றவை மட்டும் நகரலாம். டி வரும்போது மட்டும் சுண்டு விரல் எழுந்து நடுவிரலுக்கு இடம் விடும்.

இந்த எட்டு வாரத்தில் எனக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள்: விரல் அமைப்பு கார்டுக்குச் சொந்தமில்லை, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிக்குச் சொந்தம். கார்டுப் படங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அச்சிடுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை. எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஜிக்கு எந்த விரல் என்று கேட்பது, ஊர் பெயரைச் சொல்லாமல் எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்பதைப் போலத்தான்.

நாலாம் வாரம்: சறுக்கல்

புதிய ஜி–சி முதல் நாளில் நிமிடத்துக்கு 11. பழைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. சுண்டு விரல் முதல் தந்தியைத் தேடிப் போய் இரண்டாம் தந்தியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பத்தொன்பது ஆண்டு அனுபவம் எனக்கு உதவவில்லை, எதிராகத்தான் வேலை செய்தது. அண்ணன் மகள் அதே வாரத்தில் 14 எடுத்தாள். “அத்தை, மெதுவாகச் செய்யுங்கள்” என்று எனக்கே சொன்னாள்.

தெரிந்த பாட்டை வாசிக்க ஆரம்பித்ததும் கை பழைய ஜிக்கே ஓடியது. நாலு வரி தாண்டியதும் பார்த்தால் பழைய விரல்கள் உட்கார்ந்திருக்கும், எப்போது மாறின என்று தெரியாது. பாட்டோடு சேர்த்தே விரலையும் மனப்பாடம் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. ஆகவே நாலாம் வாரம் முழுக்கத் தெரிந்த பாட்டு எதையும் தொடவில்லை. கார்டு வரிசைகளை நானே எழுதிக்கொண்டேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, நாலு தட்டுக்கு ஒரு கார்டு. அந்த வேகத்தில் ஏமாற்ற இடமே கிடைக்காது. விரல் எங்கே தங்குகிறது, எது முதலில் எழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அலுப்பாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிட்டேன்.

வலக்கை விஷயமும் இங்கேதான் சரியானது. கீழ் வீச்சில் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) முதலில் தொடுவது தடித்த தந்தியை. நானோ சி கார்டை இரண்டாம் தந்தியில் ஆள்காட்டியை வைத்துத் தொடங்கி, மேலே மோதிர விரலில் முடித்துக்கொண்டிருந்தேன். முதலில் தேவைப்படும் விரல் கடைசியில் வந்து சேர்ந்தது. வரிசையைத் திருப்பினேன்: மோதிர விரல் முதலில் இறங்கட்டும், பிக் மற்ற தந்திகளை எட்டுவதற்குள் மற்ற விரல்கள் வந்து சேரட்டும். வெறுந்தந்தியைத் தட்டி நேரம் வாங்கும் பழக்கம் பாதிக்கு மேல் தானாகவே நின்றது.

பயிற்சியை ஒரே மாற்றமாகத் திரும்பத் திரும்பச் செய்யாமல், எட்டுச் சீட்டுகளில் எட்டு மாற்றங்களை எழுதிக் குலுக்கி எடுத்தேன். 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் கையசைவுப் பயிற்சியில் ஒரு சோதனை செய்தார்கள். வெவ்வேறு அசைவுகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், பிறகு நினைவில் வைத்துச் செய்வதில் முந்தினார்கள். என் அனுபவமும் அப்படித்தான் இருந்தது. குலுக்கி எடுத்துப் பயின்ற அன்று கணக்கு கேவலமாக இருக்கும், மறுநாள் காலையில் கையில் ஏதோ மிச்சம் இருக்கும்.

சுண்டு விரல் பற்றி ஒரு வார்த்தை

மேசை மேல் உள்ளங்கையை வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக அசையாது. விரல்களை நிமிர்த்தும் தசைநார்கள் புறங்கையில் குறுக்கு இணைப்புகளால் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால்தான். என் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்னபடி கேட்கவில்லை என்று கோபப்படுவதை இந்தச் சோதனைக்குப் பிறகு நிறுத்தினேன்.

சுண்டு விரல் மேலே பறப்பதற்கு அதன் சோம்பல் காரணமில்லை. மற்ற விரல்கள் தேவைக்கு மேல் அழுத்துவதால் கை முழுக்க இறுகுகிறது, வேலையில்லாத விரல் விறைத்து நிமிர்கிறது. எவ்வளவு அழுத்தினால் போதும் என்று அளந்து பார்த்தேன். விரலைத் தந்தியில் வெறுமனே வைத்துத் தட்டினால் மொட்டையான ஓசை. கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே தட்டினால் ஓர் இடத்தில் இரைச்சல் வரும், அதற்குச் சற்று மேலே தெளிவு வரும். தெளிவு வந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நான் அதையும் தாண்டி வெகுதூரம் போய்க்கொண்டிருந்தேன். விரலை ஃபிரெட்டை ஒட்டி, அதன் பின்னாலேயே வைத்தால் இன்னும் குறைவான அழுத்தம் போதும். இது முதல் பாடத்திலேயே சொல்லித் தருவது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடக்கை 1928இல் அவர் தங்கியிருந்த வண்டிவீட்டுத் தீயில் கருகியது. மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து முடங்கின. அவர் மெட்டுகளை இரண்டே விரல்களில் வாசிக்கும்படி எல்லாவற்றையும் புதிதாக அமைத்துக்கொண்டார், முடங்கிய விரல்களைக்கூட மெல்லிய தந்திகளில் கார்டுகளுக்கு வேலை வாங்கினார். நான் நலமாக இருந்த ஒரு விரலைப் பத்தொன்பது ஆண்டு விடுமுறையில் அனுப்பியிருந்தேன்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: எஃப்

எஃப் பற்றி இத்தனை ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லாதது இது: முதல் ஃபிரெட்டில் குறுக்கே கிடக்கும் ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டியதில்லை. ஐந்தாம், நாலாம் தந்திகளை மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரலும் சுண்டு விரலும் பிடித்துக்கொள்கின்றன, மூன்றாம் தந்தியை இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல் பிடித்துக்கொள்கிறது. ஆள்காட்டிக்கு மிஞ்சுவது ஆறாவது, இரண்டாவது, முதலாவது ஆகிய மூன்றுதான். நடுவில் அது தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். அதே கணக்கில் இரண்டாம் ஃபிரெட்டில் பிடிக்கும் பி மைனரில் ஆள்காட்டிக்கு ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் மட்டுமே.

இது தெரிந்ததும் விரலை மட்டமாக வைத்து நசுக்குவதை விட்டேன். கட்டை விரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்பு அருகில் இருக்கும் ஓரத்தால் பிடித்தேன். அப்படியும் இரண்டாம் தந்தி ஊமையாகவே இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தால் தந்தியின் தடம் சரியாக விரல் மடிப்பின் பள்ளத்தில் விழுந்திருந்தது. தந்தி அந்தப் பள்ளத்தில் ஒளிந்துகொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விரலை மூன்று மில்லிமீட்டர் மேலே தள்ளினேன், தந்தி பேசியது. பத்தொன்பது ஆண்டு வலுவால் முடியாததை மூன்று மில்லிமீட்டர் செய்துவிட்டது.

எஃப்பை எஃப்பின் இடத்தில் பயிலவில்லை. நட்டுக்கு அருகில் தந்தி விறைப்பாக இருக்கும், ஐந்தாம் ஃபிரெட்டில் இளகியிருக்கும். அங்கே அதே வடிவம் ஏ கார்டாகிறது. அங்கே தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒரு ஃபிரெட் வீதம் கீழே கொண்டுவந்தேன். இடையிடையே கட்டை விரலைக் கழுத்திலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். வலது முன்கை உடலோடு சேர்த்துக் கிட்டாரைப் பிடித்திருக்க, இடக்கை தோளிலிருந்து லேசாகப் பின்னுக்கு இழுத்தால் கட்டை விரல் இல்லாமலே கார்டு ஒலிக்கும். முழுப் பாட்டையும் அப்படி வாசிக்கச் சொல்லவில்லை. எத்தனை அழுத்தம் வீணாகப் போனது என்று அப்போது கைக்குத் தெரியும்.

ஆறாம் வாரத் தொடக்கத்தில் மணிக்கட்டின் உள்ளே ஒரு வலி வந்தது. விரல் நுனித் தோல் எரிவது வேறு, அது காய்ப்புக் காய்த்ததும் போய்விடும். உள்ளே வலிப்பது வேறு. இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து கிடைமட்டமாகக் கிடந்தது, அதனால் எஃப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கியது. தலைப்பக்கத்தைத் தோள் உயரத்துக்கு ஏற்றினேன், மணிக்கட்டு நேரானது, வலி திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மருத்துவரிடம்தான் போயிருப்பேன்.

கட்டை விரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து ஆறாம் தந்தியைப் பிடிக்கும் எஃப் குறுக்குவழி என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். நீண்ட கை, ஒல்லியான கழுத்து வாய்த்தவர்களுக்கு அது நல்ல வழி, மற்ற விரல்களுக்குச் சுதந்திரம் கிடைக்கும். என் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வாரம்: ஏ கார்டும் சுருதியும்

ஏ கார்டு சிறிய திருத்தம்தான். ஆனால் பலன் பெரியது. மூன்று விரல்களும் இரண்டாம் ஃபிரெட்டில் நாலாம், மூன்றாம், இரண்டாம் தந்திகளில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வரிசையாக வைத்துவந்தேன். இப்போது நாலாம் தந்தியில் நடுவிரல், மூன்றாம் தந்தியில் ஆள்காட்டி, இரண்டாம் தந்தியில் மோதிர விரல். டி கார்டிலும் ஆள்காட்டி அதே மூன்றாம் தந்தி இரண்டாம் ஃபிரெட்டில்தான், அதனால் அது எழவே வேண்டாம். மோதிர விரல் இரண்டாம் தந்தியிலேயே ஒரு ஃபிரெட் முன்னே வழுக்குகிறது, நடுவிரல் மட்டும் முதல் தந்திக்குத் தாவுகிறது. ஈ மேஜருக்குப் போகும்போது ஆள்காட்டி அதே தந்தியில் ஒரு ஃபிரெட் பின்னே வழுக்குகிறது. ஏ, டி, ஈ மூன்றுக்கும் ஒரு விரல் ஒரே தந்தியை விட்டு எழாமல் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

சுருதி சேர்ப்பதிலும் ஒரு பழைய கோணல் அகப்பட்டது. டியூனரில் சேர்த்துவிட்டு, ஈ மேஜரைத் தட்டி, அது இனிமையாக ஒலிக்கும்வரை மூன்றாம் தந்தியைக் கொஞ்சம் இறக்குவேன். பிறகு ஜி கார்டு கசக்கும், மறுபடி ஏற்றுவேன். இந்த மல்லுக்கட்டுக்குக் காரணம் காதில் இல்லை, கணக்கில். ஃபிரெட்டுகள் எண்மத்தை, அதாவது ஒரு ச முதல் மேல் ச வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சமபாகமாகப் பிரிக்கின்றன. அந்த ஒரு பாகம், ஓர் அரைச்சுரம், 100 சென்ட் என்றால், கார்டின் மூல சுரத்துக்கு நாலு அரைச்சுரம் மேலே உள்ள மேஜர் மூன்றாவது 400 சென்ட். காதுக்குத் தூய்மையாகக் கேட்பது ஏறத்தாழ 386. ஈ மேஜரில் மூன்றாம் தந்தி முதல் ஃபிரெட்டுதான் அந்த மூன்றாவது. அதை இனிமையாக்க 14 சென்ட் இறக்கினால், அதே தந்தியை வெறுமனே பயன்படுத்தும் ஜியும் சியும் அந்தக் கடனைக் கட்டுகின்றன. இப்போது டியூனர் சொன்னதோடு விட்டுவிடுகிறேன்.

எட்டாம் வாரம்

கணக்கு: ஜி–சி 46, ஏ–டி 58, சி–எஃப் 33. பி மைனர் 17, அதாவது ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. அதில் மோதிர விரலும் சுண்டு விரலும் நாலாம் ஃபிரெட்டில் அடுத்தடுத்த தந்திகளில் நிற்க வேண்டும். மேசைச் சோதனையில் அசைய மறுத்த அதே விரல்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பழைய ஜி இன்னும் வந்துவிடுகிறது. அதற்கு வருத்தப்படவில்லை, ஈ மைனர் அடுத்து வந்தால் அதுவே வேண்டும்.

நேற்று அண்ணன் மகளுக்கு பி செவன் சொல்லிக்கொடுத்தேன். நாலு விரலும் வேண்டும், எனக்கே சற்றுப் பயமான கார்டு. ஈ மேஜரிலிருந்து அதற்கு மாற்றிக் காட்டினேன். அவள் குனிந்து, மூக்கு தந்தியில் படும் அளவுக்கு அருகில் வந்து பார்த்தாள்.

“நடுவிரல் இரண்டிலுமே ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃபிரெட்டில்தானே இருக்கிறது? அதை ஏன் எடுத்து எடுத்து வைக்கிறீர்கள்?”

கையைப் பார்த்தேன். எடுத்துத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் ஒன்பதாம் வாரம் என்று எழுதி, அதன் கீழே ஈ–பி செவன், 22 என்று குறித்தேன்.